ஓ போலத் தோன்றும் பம்பாய் ரத்தம்

ஓ பிரிவு ரத்தத்தை அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஆனால் அந்த ஓ ரத்தமே உயிருக்கு ஆபத்தாகிவிடும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய அட்டையிலும் பல சமயம் 'ஓ' என்றுதான் எழுதியிருக்கும். 1952இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் இந்தப் பிரிவை முதன்முதலில் விவரித்தார்கள். பம்பாய் பிரிவு என்ற பெயர் அப்படி வந்தது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர், ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முனையில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை சேர்ந்தால் அது எச் ஆன்டிஜென், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் ஒரு குறி. இந்த எச் மீது இன்னொரு சர்க்கரை ஏறினால்தான் ஏ அல்லது பி உருவாகும். ஓ பிரிவினருக்கு எதுவும் ஏறாமல் எச் அப்படியே நிற்கும். எல்லாப் பிரிவுகளிலும் எச் மிக அதிகமாக இருப்பது ஓ அணுக்களில்தான். பம்பாய் பிரிவினருக்கோ ஃபியூகோஸைச் சேர்க்கும் எஃப்.யூ.டி.1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேலை செய்வதில்லை. எச் இல்லை, ஏ, பி மரபணுக்கள் இருந்தாலும் அவற்றின் சர்க்கரை ஒட்டுவதற்கு இடமே இல்லை.

நம்மிடம் இல்லாத ஆன்டிஜெனுக்கு எதிராக, பிறந்த சில மாதங்களிலேயே உடல் ஆன்டிபாடிகளை, அதாவது அதைத் தாக்கும் புரதங்களை, உண்டாக்கத் தொடங்கும். அதனால் பம்பாய் பிரிவினரின் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) ஆன்டி-ஏ, ஆன்டி-பி ஆகியவற்றோடு ஆன்டி-எச் என்பதும் இருக்கும். இது உடல் வெப்பத்திலேயே வீரியமாக வேலை செய்யும். ஓ ரத்தம் உள்ளே போனதும் ஏற்றிய அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து, ஹீமோகுளோபின் வெளியே கொட்டி, சிறுநீரகம் செயலிழக்கலாம்.

இது சோதனையில் எங்கே தப்புகிறது? முகாம்களில் பெரும்பாலும் செய்வது ஃபார்வர்டு குரூப்பிங் மட்டுமே: ஒரு சிலைடில் ரத்தத் துளிகளை வைத்து நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமற்ற ஆன்டி-டி (பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டுவது) ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உரிய ஆன்டிஜென் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பம்பாய் அணு ஆன்டி-ஏ-யிலும் திரளாது, ஆன்டி-பி-யிலும் திரளாது. சோதிப்பவர் ஓ என்று எழுதிவிடுவார். அந்தச் சோதனையை மட்டும் பார்த்தால் வேறு எதுவும் எழுதவும் முடியாது.

பிடிபடுவது ரிவர்ஸ் குரூப்பிங்கில். நோயாளியின் பிளாஸ்மாவை மூன்று குழாய்களில் எடுத்து, பிரிவு தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களைத் தனித்தனியே சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பார்க்க வேண்டும். உண்மையான ஓ பிரிவினராக இருந்தால் முதல் இரண்டும் திரளும், மூன்றாவது திரளாது. பம்பாய் பிரிவில் மூன்றுமே திரளும். ஓ அணுக் குழாயைச் சேர்க்காமல் சிக்கனம் பார்க்கும் ஆய்வகம் இந்த ஒரே தடயத்தையும் இழந்துவிடும். ஓ அணுக்கள் திரள்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே நோயாளியின் பிளாஸ்மாவை அவருடைய அணுக்களோடும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதுவும் திரண்டால் குளிரில் இயங்கும் சுய ஆன்டிபாடி என்று சந்தேகிக்கலாம். திரளாவிட்டால் ஆன்டி-எச் லெக்டின் சோதனை. யூலெக்ஸ் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருள் சாதாரண ஓ அணுக்களை நன்றாகத் திரட்டும். பம்பாய் அணுக்களைத் தொடாது.

இதுவும் தவறினால் கடைசித் தடுப்பு கிராஸ் மேட்ச். நோயாளியின் பிளாஸ்மாவையும், ஏற்றப்போகும் பையின் அணுக்களையும் கலந்து முதலில் உடனே சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு 37 டிகிரி செல்சியஸில் வைத்து, சலைனால் கழுவி, அணுக்களில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டிக்கொடுக்கும் கூம்ஸ் சீரம் சேர்த்துப் பார்ப்பார்கள். பம்பாய் நோயாளிக்கு எடுத்த ஓ பை முதல் சுற்றிலேயே திரண்டு காட்டிக்கொடுத்துவிடும். 'ஓ தானே, நேரமில்லை' என்று இந்தப் படியைத் தாண்டுவதுதான் பெரிய ஆபத்து. உயிர் போகும் அவசரத்தில் தாண்ட நேர்ந்தாலும், ஏற்றுவதற்கு முன் மாதிரி எடுத்துவைத்து, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே சோதனையை முடித்துவிட வேண்டும்.

எந்தப் பிரிவானாலும் முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, அருகிலேயே இருந்து கவனிப்பது அவசியம். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, ஊசி போட்ட ரத்தக் குழாய் வழியே எரிச்சல், சிறுநீர் கறுத்துப் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். ஊசியை எடுக்காமல் புதிய குழாயில் சலைன் ஓடவிட்டு, பையையும் புதிய ரத்த மாதிரியையும் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

குடும்பங்களில் இதனால் வீண் சந்தேகமும் வரும். ஓ என்று எழுதப்பட்ட தாய்க்கும் ஏ பிரிவுத் தந்தைக்கும் ஏபி குழந்தை பிறந்தால், தாய் பம்பாய் பிரிவாக இருக்கலாம். அவரிடம் வெளிப்படாத பி மரபணு, தந்தையிடமிருந்து நல்ல எச் மரபணு (எஃப்.யூ.டி.1) பெற்ற பிள்ளையிடம் வெளிப்பட்டிருக்கும். தாயின் ரத்தத்தை முழுமையாகச் சோதிக்காமல் பேச வேண்டிய விஷயமல்ல அது.

இவர்களுக்குப் பிளாஸ்மா எந்தப் பிரிவிலும் தரலாம், ஏனென்றால் தாக்கப்படுவதற்கு ஏ, பி, எச் எதுவும் அவர்கள் அணுக்களில் இல்லை. சிவப்பணுதான் பம்பாய் பிரிவிலிருந்தே வர வேண்டும். பெற்றோர் இருவரும் குறையுள்ள பிரதியை ஒவ்வொன்று சுமப்பவர்களானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே பிரிவு அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே தேடலை அண்ணன், தம்பி, அக்கா, தங்கையிடம் தொடங்குவதே சரி. நாள் குறித்த அறுவை சிகிச்சைக்கு அவரவர் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைக்கலாம்: சாதாரண சேமிப்பில், பையிலுள்ள கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் தாங்கும். கிளிசரால் சேர்த்து உறைய வைத்தால் 10 ஆண்டு வரை இருக்கும். உருக்கிக் கழுவிய பிறகு 24 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.