பழைய சர்வரில் நாஸ் போடுமுன் வட்டைப் பாருங்கள்

"பழைய சர்வர் ஒன்று சும்மா கிடக்கிறது, ட்ரூநாஸ் போட்டால் ஓடுமா?" என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் "ஓடும்" என்றுதான் சொல்கிறேன். நாஸ் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து எடுக்கும் பெட்டி; அதற்கான இயங்குதளம்தான் ட்ரூநாஸ். 64 பிட் பிராசசர், 8 ஜிபி ராம், பூட் ஆவதற்கென்று தனியாக ஒரு சின்ன எஸ்எஸ்டி இருந்தால் போதும். அவ்வளவு ராம் இல்லையென்றால் டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் ஓபன்மீடியாவால்ட் இருக்கிறது. இன்ஸ்டாலரை யூஎஸ்பியில் எழுதி, பூட் செய்து, பாஸ்வேர்டு கொடுத்தால் வேலை முடிந்தது. ஒன்றில் மட்டும் கவனம்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் வட்டை ட்ரூநாஸ் முழுதாக அழித்துவிட்டுத்தான் தன்னை நிறுவிக்கொள்ளும். தரவு உள்ள வட்டுகளின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள்.

சிக்கல் அநேகமாக மென்பொருளில் இருப்பதில்லை, பெட்டிக்குள்தான் இருக்கும். பழைய சர்வர்களில் பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அது உள்ளே இருக்கும் வட்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே வட்டாக இயங்குதளத்திடம் காட்டும். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கு இது ஆகாது. எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்திருந்து, படிக்கும்போது பிழை தெரிந்தால் மிரர் (இன்னொரு வட்டில் உள்ள நகல்) அல்லது பாரிட்டியிலிருந்து (மீட்பதற்காகக் கணக்கிட்டு வைத்த தரவு) சரிசெய்வதுதான் அதன் பலம். நடுவே கார்டு நின்றுகொண்டு ஒரே வட்டாகக் காட்டினால் பிழை இருப்பது தெரியும், திருத்த இன்னொரு பிரதி இருக்காது. கார்டு செத்தால் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டியதும் உண்டு. வட்டுகளைத் தனித்தனியாக அப்படியே காட்டும் ஐடி மோடுக்கு மாற்ற முடிகிற கார்டு என்றால் மாற்றுங்கள்; முடியாவிட்டால் மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளே மேல். மாற்றுமுன் பழைய ரெய்டில் உள்ளதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். கார்டை மாற்றிய பிறகு அந்த வட்டுகளில் இருப்பதை எளிதாகப் படிக்க முடியாது.

அடுத்தது, வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கை. மேலே "பாஸ்டு" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அண்மையில் பார்த்த ஒரு வட்டிலும் அப்படித்தான் இருந்தது. கீழே 197ஆம் வரியில் 16 செக்டர்கள் (வட்டின் சிறு பகுதிகள்) படிக்க முடியாமல் காத்துக்கிடந்தன. நான் பார்ப்பது 5, 197, 198 ஆகிய மூன்று வரிகள்: மாற்றப்பட்ட செக்டர்கள், காத்திருப்பவை, திருத்த முடியாதவை. பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த வட்டில் குடும்பப் படங்களை வைக்காதீர்கள். 199ஆம் வரி (தரவு கடக்கும் வழியில் நேர்ந்த பிழைகள்) ஏறினால் வட்டைத் திட்டுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். 4 டிபி வட்டுக்கு ஓர் இரவே போய்விடும், போகட்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டும் ஓர் இரவு ஓடட்டும். பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம் இல்லாமல் இசட்எஃப்எஸ் பக்கமே போகாதே என்று மிரட்டுவார்கள். இருந்தால் நல்லது, இல்லாததற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் ஆசை வரும்: வெளியிலிருந்தும் கோப்புகளைத் திறந்தால் என்ன? ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுகிறார்கள். 2022இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) இணையத்துக்கு நேராகத் திறந்துகிடந்த நாஸ் பெட்டிகளைத் தேடித்தேடிப் பூட்டியது. வெளியிலிருந்து வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக மட்டும் வாருங்கள். பழைய ஸ்கேனர் கேட்கிறதே என்று கோப்புப் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி1ஐ இயக்காதீர்கள்; 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

மிரர் அல்லது பாரிட்டியோடு ரெய்டு இருக்கிறது, பேக்கப் எதற்கு என்ற கேள்வியும் வரும். ஒரு வட்டு செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா வட்டுகளிலும் ஒரே நொடியில் அழியும். அதற்கு, அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் போடுங்கள், தினம் ஒன்று போதும். மின்னல் மொத்தப் பெட்டியையும் சுட்டால் ஸ்னாப்ஷாட்டும் போகும் என்பதால், முக்கியமானவற்றை வெளி வட்டு ஒன்றில் எடுத்து, கேபிளைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்து, கோப்புகள் உண்மையில் திறக்கின்றனவா என்று பாருங்கள்.