கார்டை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டை இணைத்து விளையாடுபவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: இவ்வளவு பணம் போட்டும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. சென்ற மாதம் வந்த ஒரு கல்லூரி மாணவர், இருக்கும் கார்டை விற்றுவிட்டு அதைவிடப் பெரியதை வாங்கும் முடிவோடுதான் வந்திருந்தார்.

நான் முதலில் கையில் எடுத்தது கேபிளைத்தான். மடிக்கணினியையும் வெளிக் கார்டையும் இணைக்கும் அதிவேகக் கேபிளான தண்டர்போல்ட் 3தான், ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே சிக்னலை வலுப்படுத்தும் சிப் இல்லாத சாதாரண தண்டர்போல்ட் 3 கேபிள், அரை மீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் நொடிக்கு 40 ஜிகாபிட் வேகத்தைத் தாங்காமல் 20க்கு இறங்கிவிடும். லினக்ஸில் தண்டர்போல்ட் சாதனங்களை நிர்வகிக்கும் போல்ட் என்ற கருவியின் பட்டியலில் இது வெளிப்படையாகவே தெரிகிறது. அவருடைய கணினியில் "2 தடங்கள், தடத்துக்கு 10" என்று இருந்தது, 20 என்று இருந்திருக்க வேண்டும்.

40 என்ற எண்ணும் முழுவதுமாகக் கார்டுக்குக் கிடைப்பதில்லை. தண்டர்போல்ட் 3இல் நடைமுறையில் கார்டுக்கான தரவுக்குச் சுமார் 22 ஜிகாபிட்தான் மிஞ்சுகிறது. மேசைக் கணினியின் 16 தட ஸ்லாட்டில் ஓடும் அதே கார்டை இதனுடன் ஒப்பிட்டு ஏமாற்றம் அடைவதில் பொருளில்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பரவலானது. அவர் கேமை மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வெளியே உள்ள கார்டு வரைந்து முடித்த ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும், அதே கேபிள் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 8 மெகாபைட். நொடிக்கு 120 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 8 ஜிகாபிட் அதற்கே போய்விடும். மானிட்டரை நேராகக் கார்டின் துளையில் செருகினால் இந்தச் சுமை நீங்கும். ஆனால் லினக்ஸில் அதோடு வேலை முடிவதில்லை. லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களான க்னோமும் கேடிஇயும் மடிக்கணினியின் உள் கிராஃபிக்ஸையே முதன்மையாகக் கொண்டு திரையை அமைத்தால், மானிட்டர் வெளியே இருந்தும் ஃபிரேம்கள் உள்ளும் வெளியும் அலையக்கூடும். ஆகவே வெளிக் கார்டை முதன்மையாக்கும் அமைப்பைச் செய்துவிட்டு, லாகின் செய்யும் முன்பே கார்டை இணைத்துவிடுவது நல்லது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதும் பதிவில் கார்டின் இணைப்பு வேகம் வெறும் 2.5 என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். தண்டர்போல்ட் உருவாக்கும் மாய இணைப்பின் எண்ணாக அது இருக்கலாம், உண்மையான வேகம் அதுவாக இருக்க வேண்டியதில்லை. கேம் ஓடும்போதே அளவுகளைத் திரையில் காட்டும் மேங்கோஹட் என்ற கருவியைப் போட்டு, ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து முடிவுசெய்வதே நம்பகமானது.

கார்டின் நினைவகத்துக்குள் அடங்காத அளவுக்கு டெக்ஸ்சர் (கேமில் பொருள்களின் மேற்பரப்பில் தெரியும் படம்) தரத்தை உயர்த்தினால், மிஞ்சியது கணினியின் ரேமிலிருந்து வேகம் போதாத இந்தக் கேபிள் வழியாக வரவேண்டியிருக்கும். திடீர்த் தடுமாற்றம் பெரும்பாலும் அங்கிருந்தே எழுகிறது. அந்த ஓர் அமைப்பை ஒரு படி குறைத்துப் பாருங்கள். மாறாக, ரெசொல்யூஷனைக் குறைப்பது பலன் தராமல் போகலாம். அப்போது ஃபிரேம் எண்ணிக்கை உயரும், அது உயர உயரக் கேபிளின் பளுவும் கூடுகிறது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்டர்போல்டில் செருகும் சாதனம் கணினியின் நினைவகத்தை நேரடியாகத் தொடக்கூடியது என்பதால்தான், 2017இல் வெளிவந்த கெர்னல் 4.13 முதல் லினக்ஸ் அனுமதி கேட்கும் முறையை ஆதரிக்கிறது. வெளிக் கார்டு இருக்கும் பெட்டியில் விளக்கு எரிந்தும் கார்டு தெரியாவிட்டால், முதலில் அந்த அனுமதியைச் சரிபாருங்கள். தொல்லை என்று நினைத்து அந்தச் சோதனையையே அணைத்துவிடாதீர்கள். கேம் ஓடும்போது கேபிளைப் பிடுங்குவதும் வேண்டாம். திரை உறைந்து, சேமிக்காத வேலை எல்லாம் போய்விடக்கூடும்.

அந்த மாணவர் கார்டை விற்கவில்லை. அரை மீட்டர் கேபிளும் பழைய மானிட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டார்.