34ஆம் இடத்துக் கந்தகம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். ஆறு வயது மகனுக்கு நெப்ரோட்டிக் சிண்ட்ரோம், சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய். காலையில் கண்மடல் வீங்கியபடி எழும்புகிறானாம். ஒட்சியேற்ற எதிரி (antioxidant) பாணிமருந்தும் விற்றமின் சி குளிசையும் கொடுக்கச் சொந்தக்காரர் சொல்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்.

சோடி சேராத இலத்திரனோடு அலையும் மூலிகங்கள் பக்கத்துக் கொழுப்பிலும் புரதத்திலும் இலத்திரனைப் பிடுங்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். உடலால் அடக்க முடியாத அளவுக்கு அவை பெருகினால் அதுதான் ஒட்சியேற்ற அழுத்தம். அவற்றை அடக்குவதுதான் ஒட்சியேற்ற எதிரி. சரி, உடலுக்குள் அந்த வேலையைச் செய்வது யார்?

பலர் உண்டு. எனக்குப் பிடித்தது அல்புமின். ஈரல் செய்யும் இந்தப் புரதம் 585 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 35 மணிகள் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம், ஒவ்வொன்றிலும் ஒரு கந்தக அணு. 34 கந்தகங்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து, 17 பாலங்களாக நின்று மாலையை மடித்துப் பிடிக்கின்றன. மிஞ்சுவது ஒன்றே ஒன்று. மாலையின் 34ஆம் மணியில் இருக்கும் அதற்குச் சோடி இல்லை. பெரும்பாலும் ஒரு ஐதரசனோடு தனித்து நிற்கும். மூலிகம் வந்து மோதினால் அந்த ஐதரசனைக் கொடுத்து அடக்கிவிடும். கட்டடத்துக்கு வேண்டாத ஒரு கந்தகம் காவலுக்கு நிற்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்புத்தான்.

இந்த நோயில் சிறுநீரக வடி அல்புமினைத் தப்பவிடுகிறது. அந்தப் பிள்ளையின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கிப் பாருங்கள், அவித்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெண்மையாகக் கலங்கும். அந்த வெண்மையோடு 34ஆம் இடத்துக் கந்தகமும் போய்விட்டது. குருதியில் டெசிலீற்றருக்கு 4 கிராம் அளவில் இருக்கவேண்டிய அல்புமின் 2.5க்கும் கீழே இறங்கிவிடும்.

அப்படியானால் குளிசையால் ஈடு செய்யலாமே? அளவு மிஞ்சிய விற்றமின் சி உடலில் ஒட்சலேற்று என்ற உப்பாக மாறும். அது வெளியேறும் வழியும் அதே சிறுநீரகம்தான், அங்கே படிகமாகப் படியலாம். போத்தலில் ‘ஒட்சியேற்ற எதிரி’ என்று எழுதியிருந்தாலே தாயத்தைப் போல நம்பிவிடுகிறோம், அது எனக்குக் கவலை. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உதவும் என்று வருடக்கணக்கில் பார்க்கும் ஆய்வுக்கு நம் நாட்டில் காசு ஒதுக்கவேண்டும்.

அம்மா, வைத்தியரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். அவர் தந்த பிரெட்னிசொலோன் மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்குள் கசிவு நிற்கும். அப்புறம் சூடாக்கினாலும் சிறுநீர் தெளிவாகவே இருக்கும். ஈரல் செய்யும் அல்புமின் குருதியிலேயே தங்கும்.