டவர் உள்ள ஊரா, இல்லாத ஊரா? பைலட் பயிற்சியில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பைலட் பயிற்சிக்காக அமெரிக்கா வர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். மணிக்கு என்ன கட்டணம், எத்தனை விமானம் வைத்திருக்கிறார்கள், எத்தனை மாதத்தில் முடியும். பள்ளி எந்த மாதிரி விமான நிலையத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். பயிற்சியின் தரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில், விமானங்களுக்கு ஏறவும் இறங்கவும் அனுமதி தரும் கட்டுப்பாட்டு டவர் இருப்பது ஏறத்தாழ 500-இல்தான். மற்ற இடங்களில் இறங்க யாரும் அனுமதி தருவதில்லை. காற்று வீசும் திசையைக் காட்டும் காற்றுப்பையைப் பார்த்து எந்த ஓடுபாதை என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். எங்கே இருக்கிறேன், என்ன செய்யப் போகிறேன் என்பதைப் பொது அலைவரிசையில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சில பழைய விமானங்களில் ரேடியோவே இருக்காது. பல இடங்களில் அதற்குச் சட்டப்படி தடையும் இல்லை.

முதலில் பணக் கணக்கு. பெரும்பாலான பள்ளிகள் எஞ்சின் ஓடும் நேரத்துக்குத்தான் வாடகை போடுகின்றன. ஃபீனிக்ஸ் நகரின் டீர் வேலி விமான நிலையம் மாதிரி பயிற்சி விமானங்கள் மொய்க்கும் இடத்தில் காலை எட்டரைக்கு வந்து பாருங்கள். ஓடுபாதை முனையில் வரிசை கட்டி நிற்பார்கள். உள்ளே மாணவர் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 200 டாலர் என்று வைத்துக்கொண்டால், கால் மணி நேரம் காத்திருக்க 50 டாலர். அமைதியான சிறு நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் எட்டு முறை இறங்கிப் பழகலாம் என்றால், இங்கே நாலைந்து தேறினால் அதிர்ஷ்டம். விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியதிலிருந்தே நேரம் கணக்காவதால், பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கில் இரண்டும் ஒரே மணி நேரமாகத்தான் பதிவாகும்.

அப்படியானால் டவர் இல்லாத ஊரே மேல் என்று சொல்லிவிடலாமா? அங்கே வேறு குறை உண்டு. தனியார் பைலட் உரிமத்துக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் டவர் உள்ள இடத்தில் 3 முறை ஏறி இறங்கினால் விதிக்குப் போதும். அந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர், பிறகு நெரிசலான இடத்துக்குப் போகும்போது டவரில் இருக்கும் கன்ட்ரோலர் வேகமாகச் சொல்வது பாதிதான் காதில் விழும். புரியாமலே 'ராஜர்', அதாவது கேட்டுக்கொண்டேன், என்பார். ஆபத்தே அதுதான். ஓடுபாதைக்கு வெளியே நில் என்ற உத்தரவைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். புரியவில்லை என்றால் 'சே அகெய்ன்' (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். முதல் அழைப்பிலேயே மாணவ பைலட் என்று சொல்லிவிட்டால் பல கன்ட்ரோலர்கள் நிதானமாகவே பேசுவார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது டவரில் மட்டுமே வளர்ந்த பிள்ளைகள்தான். மேலே ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நினைப்பு அவர்களுக்கு வந்துவிடுகிறது. சிறு டவர் நிலையங்களில் கன்ட்ரோலர் வரிசை சொல்வார், ஓடுபாதையில் இடைவெளி பார்ப்பார். வானில், கண்ணால் பார்த்துப் பறக்கும் இரண்டு விமானங்களைப் பிரித்து வைப்பது அவர் பொறுப்பு இல்லை. பார்த்து விலகுவது உங்கள் வேலை. இந்தப் பிள்ளைகளை முதல்முறை டவர் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போனால் காற்றுப்பை பக்கம் கண்ணே போகாது. யாராவது ஓடுபாதை எண் சொல்வார்கள் என்று ரேடியோவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கண் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு விபத்துகள். 2022 ஜூலையில் டவர் உள்ள வடக்கு லாஸ் வேகஸில் ஒரு பைப்பர் விமானத்துக்கு, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஓடுபாதைகளில் 30 இடது என்பதில் இறங்க அனுமதி கிடைத்தது. அது 30 வலதை நோக்கிப் போய் ஒரு செஸ்னா 172 மீது மோதியது, நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில், டவர் இல்லாத நிலையத்தில், ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கிப் பழகும் சர்க்யூட்டில் இருந்த செஸ்னா 152 மீது இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று அளவுக்கு மீறிய வேகத்தில் நேராக வந்து மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். அங்கே இரண்டு விமானிகளும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஓடுபாதையின் அளவும் கண்ணை ஏமாற்றும். அகலமான பாதையில் பழகியவருக்குக் குறுகிய பாதையைப் பார்த்தால் உயரமாக வருவதாகத் தோன்றும். தாழ இறங்கிவிடுவார். 8,000 அடி நீளப் பாதையிலேயே கற்றவருக்குக் குறித்த இடத்தில் சக்கரம் பதிக்க வேண்டும் என்ற அவசரமே வந்திருக்காது. 2,500 அடிப் பாதை, முனையில் மரங்கள் என்று வரும்போதுதான் அது தெரியும்.

நான் சொல்வது இதுதான்: சோலோ வரை, அதாவது முதல்முறை தனியாகப் பறக்கும் வரை, அமைதியான இடம், ஆனால் இரண்டாம் வாரத்திலிருந்தே அவ்வப்போது டவர் உள்ள நிலையத்துக்குப் போய்வர வேண்டும். டவர் உள்ள பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? பரவாயில்லை, வாரம் ஒரு பாடமாவது வெளியே சிறு நிலையத்தில் வையுங்கள் என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். இதற்கு விதி எதுவும் கட்டாயப்படுத்தாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சேரும் முன் பள்ளிக்குப் போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள். காலை நேரத்தில் எஞ்சின் போட்டதிலிருந்து தரையை விட்டுக் கிளம்ப எத்தனை நிமிடம் ஆகும்? சோலோ கிராஸ்-கன்ட்ரிக்கு (தனியாக வேறு ஊருக்குப் பறந்து வரும் பயிற்சிக்கு) எந்தெந்த நிலையங்களுக்கு அனுப்புவீர்கள்? முதல் கேள்விக்கு "அது நிலைமையைப் பொறுத்தது" என்று மழுப்பினால், அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் அதையே கேட்டுவிடுங்கள்.