மிதவை மேடைக்குக் கீழே இருக்கும் ஏரி

பாதுகாக்கப்பட்ட ஏரிகளில் கரை முழுவதையும் நாணலுக்கும் பறவைக்கும் விட்டுவிட்டு, ஓரிடத்தில் மட்டும் பலகைப் பாதை போட்டு, அதன் முனையில் குளிப்பதற்கு ஒரு மிதவை மேடை கட்டியிருப்பார்கள். குளிப்பவர்களின் வசதிக்காகச் செய்ததுபோல் தெரியும். ஆனால் அதனால் முதலில் பிழைப்பது நாணல்தான். நாணலின் வேர்த்தண்டு புதைந்திருக்கும் சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. உள்ளே துளையுள்ள தண்டு வழியாகத்தான் மேலிருந்து காற்று இறங்குகிறது. மிதிபட்டுத் தண்டு நீர்மட்டத்துக்குக் கீழே முறிந்தால், அந்தக் குழாயில் தண்ணீர் புகுந்துவிடும். அடியில் வேர்த்தண்டு மூச்சுமுட்டி அழுகும். ஆட்கள் தினமும் இறங்கும் இடத்தில் நாணல் போய்விட்டால், அதுவரை நாணலில் மோதி அடங்கிய அலை நேராகக் கரை மண்ணை அரிக்கத் தொடங்கும்.

ஏரிக்கு நல்லதுதான். குளிப்பவருக்குத்தான் இதில் ஒரு சிக்கல். கரையிலிருந்து நடந்து இறங்கினால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் தன் ஆழத்தையும் குளிரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே வரும். மேடையிலிருந்து குதிப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை.

குளிர்நாட்டு ஏரி ஒன்றில் கோடையில் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் முதல் சில மீட்டருக்கு 22, 23 டிகிரி என்றே காட்டும். பிறகு சட்டென்று இறங்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டிகிரி, சில சமயம் இரண்டு, மூன்று. அதற்கும் கீழே 6, 7 டிகிரியில் போய் நிற்கும். மேலே ஒரு ஏரி, கீழே இன்னொரு ஏரி. நடுவில் மெல்லிய எல்லை. இரண்டும் ஏன் கலப்பதில்லை? தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும், அதற்கு மேல் சூடாகச் சூடாக லேசாகும் என்பது பள்ளிப்பாடம். பள்ளியில் அவ்வளவாகச் சொல்லாத விஷயம், அந்த வித்தியாசம் சீராக இல்லை என்பது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 4 டிகிரியிலிருந்து 5க்குப் போனால் சுமார் 8 கிராம்தான் குறைகிறது. 24லிருந்து 25க்குப் போனால் சுமார் 250 கிராம். ஆகவே வெயில் ஏற ஏற மேலடுக்கு வேகமாக லேசாகி, கீழடுக்கின் மேல் எண்ணெய்போல் படுத்துவிடுகிறது. சாதாரணக் காற்றால் அதைக் கலக்க முடியாது.

கலக்க முடியாதே தவிர, தள்ள முடியும். ஒரே திசையில் ஒரு நாள் பலமாகக் காற்றடித்தால் வெதுவெதுப்பான மேலடுக்கு எதிர்க்கரைப் பக்கம் போய்க் குவியும். காலியான பக்கத்தில் அடித்தண்ணீர் மேலே ஏறிவரும். ‘நேற்று நன்றாக இருந்த ஏரி இன்று ஐஸாக இருக்கிறதே’ என்று குழம்புபவர்கள் பார்க்கவேண்டியது வானத்தை அல்ல, காற்றின் திசையை. மேடையில் ஏரியைப் பார்த்து நிற்கும்போது காற்று முதுகில் அடித்தால், அதுவும் முந்தைய நாளிலிருந்தே அப்படி அடித்துக்கொண்டிருந்தால், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கீழே இருப்பது குளிர்ந்த தண்ணீராக இருக்கலாம்.

15 டிகிரிக்குக் குறைந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் உடல் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். தலை அப்போது தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். தொடர்ந்து மூச்சு தாறுமாறாக ஓடும். ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் அடங்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது நேரும், ஏனென்றால் இது திறமை சார்ந்ததல்ல, தோலின் அனிச்சைச் செயல். அதனால் முதல் முறை ஏணி வழியாக இறங்குங்கள். முகத்தையும் கழுத்தையும் நனைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி மூச்சு சீராகும்வரை நில்லுங்கள். குதிப்பதை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தலைகீழாகப் பாய்வது வேறு கணக்கு. மேடையில் நிற்பவரின் இடுப்பு நீர்மட்டத்திலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் உடல் நொடிக்கு 5 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தண்ணீரைத் தொடும். 3 மீட்டருக்குக் குறைவான ஆழமென்றால் பாயவே வேண்டாம். மேடை மிதப்பது என்பதால் இன்னொரு ஏமாற்றுவேலையும் உண்டு: ஏரி ஒரு மீட்டர் வற்றினால் மேடையும் ஒரு மீட்டர் இறங்கிவிடும்; பலகைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி மாறாது. போன மாதம் பாய்ந்த அதே இடம்தானே என்று தோன்றும். எடை கட்டிய கயிற்றை விட்டு அளந்து பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்பதற்கும் கயிறே போதும். கறுப்பும் வெள்ளையும் நான்கு கால்பகுதிகளாகப் பூசிய 20 சென்டிமீட்டர் தட்டை இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865இல் கடலில் சோதித்த வெள்ளைத் தட்டின் வாரிசு இது. குளிக்கும் இடத்தில் தட்டு 1.2 மீட்டராவது தெரியவேண்டும் என்பது கனடாவின் வழிகாட்டுதல். மூழ்குபவர் மற்றவர் கண்ணில் படுவதற்கும் அதே தெளிவுதான் வேண்டும்.

இனி மேடை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஆறு, படுக்கைவாட்டில். முழுதும் மூழ்கினால் தாங்குவது 1200 கிலோ. ஆனால் பாதிக்கு மேல் மூழ்கவிடக் கூடாது. படுத்த டிரம் பாதி மூழ்கும்போதுதான் நீர்மட்டத்தில் அதன் அகலம் அதிகம். அதைத் தாண்டினால் அகலம் குறுகிக்கொண்டே போகும். ஏறும் ஒவ்வொருவருக்கும் மேடை முன்னைவிட அதிகமாக அமிழும். ஆகவே கையில் இருப்பது 600 கிலோ. டிரம்களின் எடை 60 கிலோ, ஈரம் ஊறிய மரம் 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 290. அதாவது நான்கு பெரியவர்கள். அந்த நால்வரும் ஒரே ஓரத்தில் நின்றால் சாயும். டிரம்களை நடுவில் சேர்த்துக் கட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருப்பதை 1.2 மீட்டருக்குத் தள்ளினால் சாய்வை எதிர்க்கும் பலம் சுமார் நான்கு மடங்காகும். டிரம்முக்குப் பதிலாக மூடாத தெர்மாக்கோல் மலிவு, ஆனால் அலையில் உதிர்ந்து மணிமணியாகக் கரையெங்கும் ஒதுங்கும். நங்கூரத்துக்கு 100 கிலோ கான்கிரீட் கட்டி போட்டால் தண்ணீருக்குள் அதன் எடை 58 கிலோதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏணியைப் பலர் கவனிப்பதில்லை. நீருக்கு அடியில் ஒரே ஒரு படி இருந்தால், அதில் காலை வைத்ததும் மற்றக் கால் மேடைக்கு அடியில் போய்விடும். உடல் மல்லாக்கச் சாயும். குளிரில் விரைத்த கையால் முழு எடையையும் இழுக்கவேண்டி வரும். மூன்று படியாவது தண்ணீருக்குள் இருக்கட்டும்.

காற்று முகத்தில் அடிக்கும் நாளில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் ஏரியின் மிதப்பவையெல்லாம் உங்கள் பக்கம் வந்து சேரும். பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் படலம் கண்டால், கையுறை போட்டு ஒரு கண்ணாடிப் புட்டியில் மொண்டு சில மணிநேரம் அசைக்காமல் வையுங்கள். நீலப்பச்சைப் பாசியின் செல்லுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அதனால் மேலே வந்து ஒட்டும். சாதாரணப் பச்சைப் பாசி பெரும்பாலும் அடியில் படியும். மேலே வந்தால் இறங்க வேண்டாம், நாயையும் இறக்க வேண்டாம். அதன் நஞ்சு நாயைக் கொல்லக்கூடியது.

அந்திக்குப்பின் காற்று அடங்கியதும், தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போவதால் மேலே ஏறும் ஒலியலை வளைந்து மீண்டும் நீர்ப்பரப்புக்கே இறங்கும். எதிர்க்கரையில் யாரோ சாதாரணமாகப் பேசுவது அப்போது மேடையில் தெளிவாகக் கேட்கும். நீங்கள் பேசுவதும் அதேபோல் நாணலுக்குள் அடைகாக்கும் பறவைக்குக் கேட்கும்.