இன்சுலின் ஊசியை இனி குப்பைக் கவரில் போடாதீர்கள்

போன வாரமும் ஒரு தூய்மைப் பணியாளர் வந்தார். குப்பையை உரமாக்கும் நுண்ணுர மையத்தில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கும்போது, சாம்பார் சாதம் கொட்டிக் கட்டியிருந்த கேரிபேக்குக்குள் கையை விட்டிருக்கிறார். உள்ளே சிவப்பு மூடி கழன்ற இன்சுலின் சிரிஞ்சு. ஆள்காட்டி விரலில் நன்றாக இறங்கிவிட்டது. கையுறை போட்டிருந்தாரா என்று கேட்காதீர்கள், போட்டிருந்தார். துணிக் கையுறையும் ரப்பர் கையுறையும் ஊசியைத் தடுக்காது.

"டாக்டர், எய்ட்ஸ் வந்துருமா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இப்படி வருகிற எல்லோரும் கேட்பது அதைத்தான்.

இந்த ஊசிகள் மருத்துவமனையிலிருந்து வருவதில்லை. அங்கே கூர்மையான கழிவுக்கென்று துளைக்க முடியாத வெள்ளை டப்பா இருக்கிறது. இவை நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் ஊசிகள். காலையும் இரவும் போட்டுக்கொள்பவர் ஒவ்வொரு முறையும் புது ஊசி எடுத்தால் மாதத்துக்கு 60 ஊசி.

வருகிற சர்க்கரை நோயாளிகளிடம் ஊசியை எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டால், ஒரு பதில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிறது. "சுகர் என்ன ஒட்டுவாரொட்டியா டாக்டர்? என் ஊசியால யாருக்கு என்ன ஆகப்போகுது?"

சர்க்கரை நோய் ஒட்டாது, சரி. ஆனால் ஊசி முனையில் இருப்பது உங்கள் ரத்தம். அதில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமி இருக்கிறதா என்று உங்களில் எத்தனை பேர் பரிசோதித்திருக்கிறீர்கள்? இரண்டுமே பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமல் கல்லீரலில் இருக்கக்கூடியவை. படித்தவர், வசதியானவர், ஒழுக்கமானவர் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. முன்பு எப்போதோ ஏற்றிய ரத்தம், சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் பிடுங்கிய பல், இவை போதும். சரி, உங்களுக்கு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது குத்துப்பட்டவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? ஊசியில் பெயரா எழுதியிருக்கிறது? கிருமி இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, தேவைப்பட்டால் 28 நாள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, மாதக்கணக்கில் மறுபரிசோதனை. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போகிறது. முடிவு தெரியும்வரை மனைவியிடம் என்ன சொல்வது என்ற தவிப்பு வேறு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி போடாத ஒருவரை, தீவிரமான ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவரின் ஊசி குத்தினால், 100 பேரில் 30 பேருக்குவரை தொற்றலாம். சி என்றால் 2 பேருக்கும் குறைவு. எச்.ஐ.வி. என்றால் 1,000 பேரில் 3 பேர். இவை மருத்துவமனையில் ஈரம் காயாத ரத்தத்தோடு குத்திய ஊசிகளுக்கான கணக்கு. குப்பையில் கிடந்த மெல்லிய இன்சுலின் ஊசியில் அபாயம் இதைவிடக் குறைவுதான். ஆனால் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடிருக்கும். இப்போது 40 வயதைத் தாண்டிய பணியாளர்கள் பிறந்தபோது அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசியே கிடையாது.

"மூடி போட்டுத்தான் போடுறேன்" என்பார்கள். குப்பை வண்டியில் அமுங்கும்போது மூடி கழன்றுவிடும். இன்சுலின் பேனாவில் மாட்டும் ஊசி இன்னும் மோசம், அதற்கு இரண்டு பக்கமும் முனை உண்டு. தோலில் குத்தும் பக்கத்துக்கு மூடி போட்டாலும், மருந்துக் குப்பிக்குள் இறங்குகிற பின்பக்க முனை திறந்தே இருக்கும். விரலில் சொட்டு ரத்தம் எடுக்கும் லான்செட்டையும் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. துணி துவைக்கும் லிக்விட் வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு, ஒன்றை எடுத்து வையுங்கள். கண்ணாடி வேண்டாம், உடையும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், நசுங்கும். போட்டு முடித்த ஊசி அந்த நிமிடமே பாட்டிலுக்குள் போக வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'ஊசி – திறக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதுங்கள். எழுதாவிட்டால் பழைய பிளாஸ்டிக் என்று நினைத்து யாராவது திறப்பார்கள். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடைப்பெடுக்க வருபவர் கையில்தான் அது குத்தும்.

யாரிடம் கொடுப்பது? 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பயன்படுத்திய ஊசியை வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி, தனியாகத்தான் பிரிக்க வேண்டும் என்றன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் அவற்றில் இருந்தது. உங்கள் பகுதியில் அது எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மனு கொடுங்கள். அதுவரை, நீங்கள் வாடிக்கையாகப் போகும் மருத்துவமனை வாங்கிக்கொள்ளுமா என்று விசாரியுங்கள். அதுவும் நடக்காவிட்டால், வண்டியோடு வருபவரிடம் "அண்ணே, இதுல ஊசி இருக்கு" என்று வாயால் சொல்லி, தனியாகக் கையில் கொடுங்கள்.

தூய்மைப் பணியில் இருப்பவர்களுக்கு: குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையென்றால் சில மணி நேரத்திலேயே ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பலனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் இப்போதே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், குத்தும்வரை காத்திருக்காதீர்கள்.

சக மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்துக்கடைக்காரர்களே, இன்சுலினை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கும்போதே, போட்ட ஊசியை எங்கே போடுவது என்பதையும் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.