கிளப் முகத்தில் பவுடர் பூசிப் பாருங்கள்

"சார், டிரைவர் அடிச்சா பந்து வலது பக்கம் வளைஞ்சு ஓடுது. கிரிப்பை மாத்தணுமா?" (டிரைவர் என்பது தூரமாக அடிக்கும் நீளமான மட்டை.) கூடவே ஒரு ஸ்லோ மோஷன் வீடியோ. கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் வருவதில் முக்கால்வாசி இந்த ரகம்தான். இடுப்பு திரும்புவது வீடியோவில் தெரியும், பந்து பறப்பதும் தெரியும். கிளப்பின், அதாவது கோல்ஃப் மட்டையின் முகத்தில் பந்து எந்த இடத்தில் பட்டது என்பது மட்டும் தெரியாது. பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. செல்போன் கேமராவில் அது சிக்காது. ஆனால் அந்த இடம் தெரியாமல் கிரிப்பை (பிடிக்கும் விதத்தை) மாற்று, தோளைத் திருப்பு என்று நான் எதையாவது சொன்னால், அது குருட்டாம்போக்கு வைத்தியம்.

இதற்கென்று விற்கும் ஸ்டிக்கரைத் தேடி மதுரை முழுக்க அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் டால்கம் பவுடர் போதும். டிரைவர் முகத்தைத் துடைத்து, பவுடரை மெல்லிசாகத் தடவி அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகப் பதிந்திருக்கும். அயர்ன் எனும் மெல்லிய உலோகத்தலை கிளப் என்றால் பந்தின் பின்பக்கம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்; அந்த மை கிளப்பில் ஒட்டிக்கொள்ளும். (ஒருவர் விபூதி பூசிக்கொண்டு வந்தார். வேலை செய்தது. வீட்டில் திட்டு விழுந்ததாகக் கேள்வி.) ஒரே அடியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பத்துப் பந்து அடித்து, தடங்கள் எந்தப் பக்கம் கூடுகின்றன என்று பாருங்கள். இது பயிற்சிக்கு மட்டும். போட்டியில் கிளப் முகத்தில் இப்படிப் பூசிக்கொண்டு ஆட விதி இடம் தராது.

டிரைவரில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. வலது கைக்காரர் ஒருவர் பந்தை ஹீலில், அதாவது தண்டை ஒட்டிய பக்கத்தில் அடித்தால், அந்த மோதலில் கிளப்தலை சற்றே திருகிக்கொள்ளும். அந்தத் திருகல் பந்துக்கு எதிர்ச்சுழற்சி கொடுக்கும். பந்து வலது பக்கம் வளையும். நுனியில், அதாவது டோவில் பட்டால் இடது பக்கம் வளையும். அயர்னில் எடை முகத்துக்கு அருகிலேயே இருப்பதால் இந்த விளைவு மிகக் குறைவு. கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், வலது பக்கம் ஓடும் பந்தை அடக்க கிரிப்பை இறுக்கி மூடி மூடி, கடைசியில் மணிக்கட்டு வலியோடு வந்தார். பவுடர் போட்டுப் பார்த்தால் தடமெல்லாம் ஹீலில் கும்பலாக இருந்தது. கிரிப்பைப் பழையபடி விடச் சொல்லிவிட்டு, பந்துக்கு அப்பால், அவர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, இரண்டு விரல் இடைவெளியில் ஒரு தெர்மாகோல் துண்டை வைத்தேன். அதை இடிக்காமல் பந்தை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் தெர்மாகோல்தான் பறந்தது. தடம் நடுவுக்கு வந்ததும் வளைவும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

ஹீலில் படுவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம், கீழே வரும்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளுவதும் எடை முன்பாதத்துக்குப் போவதும். சுவரில் பின்பக்கம் லேசாகத் தொடும்படி நின்று, கிளப் இல்லாமல் அடிப்பதுபோல் மெதுவாகக் கையைச் சுற்றிப் பாருங்கள். பந்தை அடிக்கும் கட்டத்தில் சுவரை விட்டு உடம்பு விலகினால் கோளாறு அங்கேதான். அயர்னில் இதுவே முற்றினால் பந்து தண்டின் அடியில் பட்டு வலது பக்கம் சீறிப் போகும்; ஷாங்க் என்பது இதுதான். டோவில் படுவது வேறு கதை. தள்ளி நிற்பது, எடை குதிகாலுக்குச் சாய்வது, பயத்தில் இடது முழங்கை மடங்குவது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மேலும் கீழுமாகத் தவறுவது அயர்னில்தான் தொந்தரவு. பந்துக்கு முன்பே தரையைக் கொத்துவது ஃபேட், பந்தின் வயிற்றில் வெட்டுவது தின். கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இரண்டும் வரும். பின்காலில் எடையை வைத்துத் தூக்கி அடித்த பழக்கம் சட்டென்று போகாது. 7-அயர்னின் முகமே சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, பந்தைத் தூக்குவது அதன் வேலை. நீங்கள் எடையை முன்காலுக்குக் கொண்டுபோனால் போதும்.

இதற்குக் கோலப்பொடியை விடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. மண்ணிலோ புல்லிலோ, பந்து இருக்க வேண்டிய இடத்தில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். பந்தே வேண்டாம். கோட்டின் மேல் கிளப்பைச் சுற்றுங்கள். மண் பெயர்ந்த இடம் கோட்டில் தொடங்கி, இலக்குப் பக்கம் நீள வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால் எடை இன்னும் பின்காலில்தான் நிற்கிறது. வரிசையாகக் கோடு போட்டு அடித்தால், சொல்லாமலே உடம்பு திருத்திக்கொள்வதைப் பார்க்கலாம்.

மொட்டை மாடியில் வலை கட்டி, ‘மேட்’ விரிப்பின் மேல் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பந்துக்குப் பின்னாலேயே கிளப் இறங்கினாலும் விரிப்பில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். சத்தமும் நன்றாகவே கேட்கும். அதனால் பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி மடித்த துண்டைப் போட்டு, அதைத் தொடாமல் அடியுங்கள். கொடைக்கானலும் இப்படித்தான் ஏமாற்றும். 1895-இல் தொடங்கிய அங்குள்ள கோல்ஃப் சங்கத்தின் மைதானம் இருப்பது 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில். காற்று அடர்த்தி குறைவு, நடுவில் படாத பந்தும் மதுரையை விடத் தூரம் போகும். "கொடையில நல்லா அடிச்சேன் சார்" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது தடம் எங்கே இருந்தது என்றுதான்.

கிளப்பையும் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய செட் உங்கள் உயரத்துக்கு நீளமாக இருக்கலாம். டிரைவரை ஓர் அங்குலம் கீழே பிடித்தாலே நடுவில் படுவது கூடும். கார் டிக்கியில் நம்மூர் வெயிலில் கிடந்த ரப்பர் கிரிப் காய்ந்து வழுக்கும். வழுக்குவதால் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கினால் கை சுருங்கும், பந்து டோவுக்குப் போகும். புது டிரைவர் வாங்கும் முன் கிரிப்பை மாற்றுங்கள்.

இன்னொன்று. கோடையில் இறுகிப்போன செம்மண்ணிலும், கான்கிரீட் மேல் போட்ட மெல்லிய விரிப்பிலும் தொடர்ந்து ஃபேட் அடித்தால் முழங்கையின் உள்பக்கம் வலி வரும். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் அடிக்கிறார்கள். வேண்டாம். வலி விடும்வரை முழு ஸ்விங்கை நிறுத்துங்கள், இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். அதுவரை பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டுவதைப் பழகலாம்.